யூனனின் டிராக்டர் ஸ்டார்ட் ஆன ஞாயிறு

என் அண்ணன் யூனனை மஜெல்லா என்கிறவள் டிராக்டர் ஏற்றிக் கொன்றுவிட்டாள் என்று டவுனில் இன்னமும் சிலர் சொல்லிக்கொண்டு திரிகிறார்களாம். சொல்கிறவர்கள் என் முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும். அன்றைக்கு எங்கள் முற்றத்தில் மூன்று பேர்தான் இருந்தோம். ஒருவன் கல்லறைக்குப் போய்விட்டான். இன்னொருத்தி அதைப் பற்றி வாய் திறப்பதில்லை. மிச்சம் நான்தான், அவன் தங்கை ஹன்னா. பின்கதவில் உருளைக்கிழங்குச் சட்டியோடு நின்று முதலிலிருந்து கடைசிவரை பார்த்தவள். பார்க்காதவர்களுக்குத்தான் பேச்சு அதிகம் வருகிறது.

முதலில் யூனன் எப்பேர்ப்பட்ட ஆள் என்று சொல்லிவிடுகிறேன். ஐம்பது தாண்டியவன், கல்யாணம் ஆகாதவன். நானும் ஆகாதவள்தான். அயர்லாந்தில் எங்கள் டொனிகால் மலைப்பக்கம் இப்படி அண்ணனும் தங்கையுமாக ஒரே கூரையின் கீழ் சண்டை போட்டுக்கொண்டே நரைத்துப்போகிறவர்கள் நிறையப் பேர். எங்களுக்குக் கொஞ்சம் ஆடு, நாலைந்து மாடு, பாறையும் நாணலுமாக ஒரு சரிவு நிலம். கோடையில் யூனன் சதுப்பில் மண்கட்டி வெட்டிக் காயவைப்பான். குளிர்காலம் முழுக்க எல்லார் அடுப்பிலும் எரிவது அதுதான். விதவை வீடு ஏதாவது வழியில் இருந்தால் கேட்காமலே அங்கே அரை வண்டி கொட்டிவிட்டு வந்துவிடுவான். கேட்டால், "வண்டி குலுங்கிச்சு, விழுந்துடுச்சு" என்பான். பொய் சொல்லக்கூடத் தெரியாத ஜென்மம்.

எதையும் தூக்கிப்போட மாட்டான். காது அறுந்த வாளி, ஒற்றை பூட்ஸ், முனை மழுங்கிய ஆணி, எல்லாம் கொட்டகையில் இருக்கும். பெண்கள் என்றால் மட்டும் பயம். ஏதாவது ஒருத்தி எதிரே வந்து நல்லாயிருக்கியா என்று கேட்டால் மாட்டைப் பார்த்துப் பதில் சொல்லுவான்.

அப்புறம் அந்த டிராக்டர். அப்பா யாரிடமோ பழையதாக வாங்கியது. டீசல் என்ஜின் குளிரில் எழும்ப வேண்டுமானால் ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் ஒரு சின்னக் கம்பி சிவக்கச் சிவக்கக் காய வேண்டும். ஹீட்டர் பிளக் என்பது அதுதான், க்ளோ பிளக் என்றும் சொல்வார்கள். எங்களுடையதில் நாலு. அது பத்துப் பன்னிரண்டு வருஷமாகச் செத்துக் கிடந்தது. சாவி போட்டுத் திருப்புகிற இடமும் எப்போதோ செத்துப்போய், பக்கத்து வீட்டுக் கோனல் தன் பழைய கதவுமணிப் பொத்தானைக் கொண்டுவந்து ஸ்டார்ட்டருக்கு வைத்துக் கொடுத்திருந்தார். அதை அமுக்கினால் ஒரு முனகல், ஒரு குலுக்கல், அவ்வளவுதான். எங்கள் வீட்டில் அந்தப் பொத்தானுக்கு ஒரு மரியாதையும் கிடையாது. வருகிற போகிற பிள்ளைகள் எல்லாம் ஏறி அமுக்கி விளையாடும்.

பிறகு எப்படித்தான் ஓட்டினான் என்கிறீர்களா? இறக்கத்தில் உருட்டித்தான். வீட்டுக்குப் பின்னால் முற்றம் சரிவாக இருக்கிறது. மேல் முனையில், மூக்கு கீழ்ப்பக்கம் பார்க்க, கியரில் போட்டு நிறுத்துவான். பிரேக் பிடிக்காது, ஆகவே கியர்தான் பிரேக். முன்சக்கரத்துக்கு ஒரு கல். காலையில் கல்லை எடுத்துவிட்டு ஏறி, கிளட்ச்சை மிதித்தால் தானாக உருளும். பாதி இறக்கத்தில் கிளட்ச்சை விட்டால் என்ஜின் இருமிக்கொண்டே எழும்பும். கோனலும் இப்படித்தான். மேல் வீட்டு மானஸும் இப்படித்தான். எங்கள் மலையில் தட்டையான இடத்தில் டிராக்டரை நிறுத்துகிறவனைப் புத்தி சரியில்லாதவன் என்பார்கள்.

உறைபனி நாளில் உருட்டினாலும் போதாது. காற்று உறிஞ்சும் குழாயில், சட்டென்று பற்றிக்கொள்கிற ஈதர் ஸ்ப்ரே அடிக்க வேண்டும். அதற்கு நான். டப்பாவை நீட்டிக்கொண்டு, பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, உருளுகிற டிராக்டர் பக்கத்திலேயே ஓட வேண்டும். "அடி ஹன்னா, அடி, இன்னும் அடி!" என்று மேலேயிருந்து கத்துவான். "உன் தலையில அடிக்கிறேன்டா!" என்று நானும் கத்துவேன். கோனல் தன் வேலியில் சாய்ந்து நின்று எங்களுக்குக் கை தட்டுவார்.

கோயில் இருப்பதோ தட்டையான இடம். ஆகவே டிராக்டரில் போனால் பூசை முடியும்வரை வெளியே என்ஜின் ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு நாள் ஃபாதருக்கே பொறுக்கவில்லை. பிரசங்கத்தை நிறுத்தி, "ஏம்ப்பா யூனன், ஆண்டவருக்கு நான் பேசறது கேக்கணுமா, உன் வண்டி பேசறது கேக்கணுமா?" என்றார். "அணைச்சா நீங்கதான் ஃபாதர் வந்து தள்ளணும்" என்றான் இவன், எல்லார் முன்னாடியும். நான் ஜெபப் புத்தகத்தால் முகத்தை மூடிக்கொண்டேன்.

இப்படிப்பட்டவனுக்குத்தான் மஜெல்லா கிடைத்தாள். டவுனில் வண்டிச் சாமான் விற்கிற கடையில் கல்லாவுக்குப் பின்னால் நிற்பவள். நாற்பத்தைந்து வயது இருக்கும். ஆம்பிளைகள் உள்ளே வந்து வண்டிச் சத்தத்தை வாயால் செய்து காட்டுவார்கள், கிர்ரென்று, டக்டக்கென்று. இவள் அதைக் கேட்டே எது போயிற்று என்று சொல்லி அலமாரியிலிருந்து எடுத்து வைப்பாள். நவம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை நானும் யூனனும் அங்கே போனோம். அவன் ஈதர் டப்பா கேட்டான்.

"மறுபடியுமா? போன வாரம்தானே ஒண்ணு எடுத்துட்டுப் போன? குடிக்கிறியா மனுஷா?"

யூனனுக்குக் காது சிவந்துவிட்டது. "டிராக்டருக்கு."

"டிராக்டரைக் குடிகாரனாக்கி வச்சிருக்க. இன்னும் கொஞ்ச நாள்ல இது இல்லாம அது கண்ணே திறக்காது. ஹீட்டர் பிளக் என்ன ஆச்சு?"

"போயிடுச்சு."

"எது போச்சு? நாலு இருக்கே."

"எல்லாம்தான் போச்சு."

"நாலும் ஒரே நாள்ல சாகாது. ஒரே கம்பில வரிசையா கோத்து வச்சது அது, கிறிஸ்துமஸ் விளக்கு மாதிரி. ஒண்ணு போனா மிச்சதுக்குக் கரண்ட் போகாது. போன ஒண்ணைக் கண்டுபிடிச்சு மாத்து. டப்பா உனக்குக் கிடையாது, போ."

என் அண்ணன் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பெண்ணை நேராகப் பார்த்தான். பார்த்துவிட்டு, "அப்ப ஒரு பிளக் குடு" என்றான்.

அந்த ஒரு பிளக்கை வைத்துக்கொண்டு அவன் செய்த கூத்தைச் சொல்ல வேண்டும். முதல் ஓட்டையில் மாட்டினான். எரியவில்லை. அதைக் கழற்றி, அங்கே பழையதையே திரும்பப் போட்டுவிட்டு, புதியதை இரண்டாவதில் மாட்டினான். எரியவில்லை. பழையபடி கழற்றி மூன்றாவதில். ஒவ்வொரு தடவையும் எரியவில்லை என்று சொல்ல வெள்ளிக்கிழமை கடைக்குப் போனான். அப்படி ஒரு வெள்ளிக்கிழமை என்னிடம், "ஹன்னா, என் நீலச் சட்டை எங்க?" என்றான்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "யார் கல்யாணம்?"

"பிளக் பத்திக் கேக்கணும்."

"பிளக் பத்திக் கேக்க நீலச் சட்டையா?"

அந்த வாரம் சவரமும் செய்துகொண்டு போனான். கோனல் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, "யூனன்! பிளக் பாக்கப் போறியா, பொண்ணு பாக்கப் போறியா?" என்று கத்தினார். இவன் மாட்டைப் பார்த்து, "பிளக்" என்றான்.

ஜனவரியில், டீ குடித்துக்கொண்டிருக்கும்போது திடீரென்று சொன்னான். "ஞாயித்துக்கிழமை அவ வரா."

"எவ?"

"மஜெல்லா. பிளக்கைப் பாக்க." கொஞ்ச நேரம் கோப்பையைச் சுற்றிக்கொண்டிருந்தான். "நான் அவளைக் கேக்கப் போறேன், ஹன்னா."

ஐம்பது வருஷம் கூடவே இருந்த ஆள், திடீரென்று மேஜைக்கு அந்தப் பக்கம் வேறு யாரோ மாதிரி உட்கார்ந்திருக்கிறான். "அப்ப நான்?" என்று கேட்டேன். வேறு என்ன கேட்பது!

"நீ எங்க போவ? ஸ்ப்ரே அடிக்க ஆள் வேணுமே" என்றான். சிரித்துவிட்டேன். அழவும் செய்தேன். அவனுக்கு நல்லது நடக்கட்டும் என்று அன்று ராத்திரி மனசார ஒரு ஜெபமாலை சொன்னேன். அந்த ஜெபத்தை என்ன செய்தார்கள் மேலே? இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை நல்ல உறைபனி. பூசைக்குக் கோனலின் காரில் போய் வந்தோம். டிராக்டர் முந்தின நாள் நிறுத்திய இடத்திலேயே, முதுகெல்லாம் வெள்ளையாக நின்றது. மஜெல்லா தன் சின்ன காரில் வந்தாள். கையில் ஒரு சோதனை விளக்கு, ஒரு துண்டு ஒயர், ஒரு புது பிளக். பேக்கரிப் பை ஒன்றை என்னிடம் நீட்டி, "நான் செஞ்சா கேக்கு கல்லு மாதிரி வரும், அதான் வாங்கிட்டு வந்தேன்" என்றாள். எனக்கு அவளை அப்போதே பிடித்துவிட்டது.

நான் சமையலறையில் பன்றிக்கறியும் முட்டைக்கோஸும் வேகவிட்டுவிட்டு, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அவர்கள் பேச்சைக் கேட்டேன். ஒட்டுக் கேட்டேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

"ஹீட்டர் சுவிட்சைத் திருப்பிப் பிடி. விடாத" என்றாள். யூனன் பிடித்தான். அவள் சோதனை விளக்கின் ஒரு முனையை என்ஜின் இரும்பில் கவ்வவிட்டு, மறுமுனையால் ஒவ்வொரு பிளக்காகத் தொட்டாள். முதல் பிளக்குக்குள் போகிற இடம், எரிந்தது. வெளியே வருகிற இடம், எரிந்தது. இரண்டாவதுக்குள் போகிற இடம், எரிந்தது. வெளியே வருகிற இடம், இருட்டு.

"இவன் பொணம்" என்றாள்.

"ரெண்டாவதா? அதுலதான் புதுசை மாட்டிப் பாத்தேனே! அப்பவும் எரியலயே!"

"இரு." அந்தத் துண்டு ஒயரால் இரண்டாவது பிளக்கைத் தாண்டி ஒரு பாலம் மாதிரி வைத்தாள். பிளக் காய்கிறதா என்று காட்ட ஓட்டுகிறவன் முன்னால் ஒரு சின்னச் சுருள் உண்டு. கரண்ட் ஓடினால் சிவக்கும். அது சிவக்கவில்லை. மூன்றாவதைப் பார்த்தாள், உள்ளேயும் வெளியேயும் எரிந்தது. நாலாவதுக்குள் போகிற இடத்திலும் எரிந்தது. இன்னொரு ஒயரைக் கேட்டு வாங்கி அதையும் தாண்டி ஒரு நொடி வைத்து எடுத்தாள். சுருள் கண் சிமிட்டியது.

"பாத்தியா? ரெண்டு பேர் செத்திருக்காங்க. ரெண்டாவதும் நாலாவதும். நீ ஒரே ஒரு புதுசை வச்சுக்கிட்டு வீடு வீடா மாத்திக் குடிவச்ச. ஒருத்தனைப் பொழைக்க வச்சா இன்னொரு பொணம் வழியை மறிச்சுக்கிட்டு நிக்குது. அப்புறம் எப்படி எரியும்?"

யூனன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். "அட மாதாவே! மூணு மாசமா நான் இதைத்தான் பண்ணிக்கிட்டிருந்தேனா?"

"மூணு மாசமா நீ கடைக்கு வந்துக்கிட்டிருந்த" என்றாள் அவள், தலையை நிமிர்த்தாமல்.

அவன் வாங்கியது ஒன்று, அவள் கொண்டுவந்தது ஒன்று, இரண்டையும் மாட்டினார்கள். ஒயர் முனைகளை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தாள். பிறகு ஏறி இருக்கையில் உட்கார்ந்து ஹீட்டர் சுவிட்சைத் திருப்பிப் பிடித்தாள். "ஹன்னா! வந்து பாரு!" என்று யூனன் கத்தினான். நான் வடிகட்டப் போன உருளைக்கிழங்குச் சட்டியோடு பின்கதவுக்கு வந்தேன். தூரத்திலிருந்தே தெரிந்தது. அந்தச் சுருள் மெல்ல மெல்லச் சிவந்துகொண்டு வந்தது. பத்து வருஷத்துக்கு மேல் கறுப்பாகக் கிடந்த சாமான்!

"மஜெல்லா" என்றான் யூனன். "இது ஸ்டார்ட் ஆச்சுன்னா உங்கிட்ட ஒண்ணு கேக்கணும்."

"ஆகலன்னா?"

"ஆகலன்னாலும் கேப்பேன். உருட்டிவிட்டுட்டுக் கேப்பேன்." முகமெல்லாம் ரத்தச் சிவப்பு. என்ன செய்வது, கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை அவனுக்கு. கூச்சம் வந்தால் ஏதாவது வேலை செய்யப் போய்விடுவான். "எப்படியும் உருட்டத்தான் வேண்டியிருக்கும். நான் கல்லை எடுக்கிறேன். நீ அமுக்கு, அமுக்கு, உன் ஆசைக்கு அமுக்கிப் பாரு."

சொல்லிக்கொண்டே முன்னால் போய்க் குனிந்தான். தன் வாயால் அமுக்கு என்று சொன்னான். இதை நான் கோயிலில் நின்று சத்தியம் செய்து சொல்லுவேன். பத்து வருஷத்துக்கு மேல் அந்தப் பொத்தான் ஒன்றும் செய்ததில்லை. அது ஏதாவது செய்யும் என்று அவன் நம்பவில்லை. நான் நம்பவில்லை. அவன் கல்லை உருவி எடுத்த அதே நேரத்தில் அவள் அமுக்கினாள்.

ஒரே அமுக்கு. முனகல் இல்லை, இருமல் இல்லை. டபடபவென்று எழும்பியது. எழும்பின அதே மூச்சில் நகர்ந்தது. கியரில் நின்ற வண்டி, கீழே பார்த்து நின்ற வண்டி, முன்னால் கல் இல்லை. ஐயோ, நான் கத்தக்கூட இல்லை. மஜெல்லா இரண்டு காலாலும் எதை எதையோ மிதித்தாள். அது அவனைத் தாண்டிப் போய், வீட்டுச் சுவரில் முட்டி, இரண்டு குலுக்குக் குலுங்கி நின்றது. என் கையில் சட்டி அப்படியே இருந்தது. சுடுதண்ணீர் காலில் கொட்டியிருக்கிறது, எனக்கு உறைக்கவில்லை.

ஓடினேன். மல்லாக்கக் கிடந்தான். நெஞ்சுக்குக் கீழே பார்க்க முடியவில்லை. முகத்தில் ஒரு கீறல்கூட இல்லை. வலிக்கிற முகம் மாதிரியும் இல்லை. யாரோ அவனிடம் நம்ப முடியாத ஒரு செய்தியைச் சொன்ன மாதிரி கண்ணை அகலத் திறந்து வைத்திருந்தான்.

"ஸ்டார்ட் ஆயிடுச்சே, ஹன்னா" என்றான்.

"ஆமாடா. ஆயிடுச்சுடா. பேசாத."

மஜெல்லா அந்தப் பக்கம் மண்டியிட்டு அவன் கையைப் பிடித்தாள். "கேளு யூனன்" என்றாள். "கேக்கறேன்னு சொன்னியே, கேளு. நான் சரின்னு சொல்றேன். கேளு யூனன், கேளு!" அவன் அவளைப் பார்த்தான். நேராகத்தான் பார்த்தான். உதடு அசைந்தது. கேட்டானா இல்லையா என்று எனக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. நான் போன் செய்ய உள்ளே ஓடித் திரும்பி வருவதற்குள் முடிந்துவிட்டது. அவள் அப்போதும் கேளு கேளு என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

போலீஸ்காரர் வந்தார், பார்த்தார், விபத்து என்று எழுதிக்கொண்டு போனார். ஊர் அப்படி எழுதவில்லை. மறுநாள் மதியத்துக்குள்ளேயே கதை கட்டிவிட்டார்கள். அவன் முன்னால் நிற்கும்போது வேண்டுமென்றே அமுக்கினாளாம். பெண்பிள்ளைக்கு டிராக்டரில் என்ன வேலையாம். மேல் வீட்டு ஃபிலோமினா, மானஸின் மனைவி, ஒரு படி மேலே போய்விட்டாள். "நிலத்துக்கு ஆசைப்பட்டு வந்தவ. கட்டிக்கிறதுக்கு முன்னாடியே முடிச்சுட்டா" என்று கடையில் வைத்துச் சொன்னாளாம். கட்டிக்கொள்ளாமல் எந்த நிலம் வரும்? அதைக்கூட யோசிக்கவில்லை. அப்படியே வந்தாலும் அந்தப் பாறைக்கு ஆசைப்பட ஆட்டுக்குத்தான் தோன்றும்! மஜெல்லா வேலை செய்கிற கடையில் இரண்டு நாளாக யாரும் அவளிடம் சாமான் வாங்கவில்லை. ஊரை விட்டு கிளாஸ்கோவில் இருக்கும் அக்காவிடம் போய்விடப் போகிறாள் என்று கேள்விப்பட்டேன். போனால் தீர்ந்தது, குற்றவாளி ஓடிவிட்டாள் என்று கல்வெட்டில் வெட்டிவிடுவார்கள். "யூனனைக் கடைசியா பாக்க வரலன்னா உன் முகத்துல நான் முழிக்கமாட்டேன்" என்று கோனல் மூலம் அவளுக்குச் சொல்லி அனுப்பினேன்.

பெட்டி முன்னறையில் இருந்தது. சாயங்காலம் இருட்டத் தொடங்கியதும் மலையிலிருந்து எல்லாரும் வந்துவிட்டார்கள். ஆம்பிளைகள் வரிசையாக வந்து என் கையைப் பிடித்து, "உன் துக்கத்துல எங்களுக்கும் பங்கு, ஹன்னா" என்பார்கள். பெட்டிக்கு முன்னால் சிலுவை போடுவார்கள். பிறகு குனிந்து என் காதுக்குள், "பொத்தான்லயா ஸ்டார்ட் ஆச்சு?" என்பார்கள். ஒருவர் இல்லை, இருவர் இல்லை! வந்தவர்கள் எல்லாரும். செத்தவன் அங்கே படுத்திருக்கிறான், இவர்களுக்குப் பொத்தான்! எனக்கு வந்த ஆத்திரத்தில் டீத்தட்டை எடுத்து வீசியிருப்பேன்.

அப்போது மஜெல்லா வந்தாள். பெண்கள் எல்லாரும் கோப்பைக்குள் எதையோ தேடினார்கள். அவள் பெட்டி அருகில் போய் யூனன் நெற்றியைத் தொட்டாள். பிறகு உட்கார இடம் பார்த்தாள். ஃபிலோமினா தன் பக்கத்திலிருந்த காலி நாற்காலியின்மேல் தன் கோட்டைத் தூக்கி வைத்தாள். என் வீட்டில்! என் அண்ணன் பெட்டிக்கு முன்னால்! நான் எழுந்தேன். எழுந்து என்ன சொல்லியிருப்பேனோ, அதற்குள் கோனல் பேசினார்.

"நீதான் அமுக்கினியாம்மா?"

"ஆமா."

"ஒரே அமுக்கா?"

"ஒரே அமுக்கு."

ஆம்பிளைகள் மத்தியில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. "எந்த பிளக் போயிருந்துச்சு?" என்று ஒருவர் கேட்டார்.

"ரெண்டும் நாலும்."

"வெக்கமா இல்லயா உங்களுக்கெல்லாம்!" என்று நான் கத்தினேன். "பொணத்தை வச்சுக்கிட்டு பிளக்குப் பேச்சா?"

கோனல் என்னைக் கை காட்டி நிறுத்தினார். அவர் முகம் சரியில்லை. "கியர்ல இருந்துச்சா அது?" என்றார்.

மஜெல்லா நின்றபடியே சொன்னாள். "இருந்துச்சு. நான் பாக்கல. கியர்ல இருந்தா ஸ்டார்ட் ஆகாதுன்னு நெனச்சுட்டேன். எல்லா டிராக்டர்லயும் அதுக்கு ஒரு சுவிட்ச் உண்டு, கியர்ல இருந்தா ஸ்டார்ட்டருக்குக் கரண்ட்டை விடாது. நான் அதையே நாள்பூரா விக்கிறவ. இதுல அது இருக்கான்னு பாக்கல."

"இருக்காது" என்றார் கோனல். "நான்தான் கழட்டினேன். கதவுமணிப் பொத்தான் வைக்கும்போது அந்த சுவிட்சைத் தாண்டி ஒயரை நான்தான் சுத்திக் கொண்டுபோனேன். அது அடிக்கடி மக்கர் பண்ணுச்சு." கோப்பையைக் குடிக்காமலே தட்டில் வைத்தார். "இந்த மலையில ஒருத்தன் டிராக்டர்லயும் அது இருக்காதும்மா. என்னுதுலயும் இல்ல. உன் இடத்துல நான் உக்காந்திருந்தாலும் அமுக்கியிருப்பேன். யூனன் என் வண்டில வந்து உக்காந்திருந்தா அவனும் அமுக்கியிருப்பான்."

கோனல் எழுந்து தொப்பியை எடுத்தார்.

"எங்க போறீங்க? ஜெபமாலை இன்னும் சொல்லல" என்றேன்.

"என் டிராக்டரும் கியர்லதான் நிக்குது, ஹன்னா. பேத்தி பள்ளிக்கூடம் விட்டு வந்தா அதுமேலதான் ஏறி உக்காந்திருப்பா." போய்விட்டார். அடுத்த ஆள் எழுந்தார். அதற்கடுத்தவர். ஒவ்வொருவராகத் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போனார்கள். கொஞ்ச நேரத்தில் அறையில் ஒரு ஆம்பிளை இல்லை, பெட்டிக்குள் இருந்தவனைத் தவிர. சன்னல் வழியாகப் பார்த்தேன். மலைச்சரிவில் அங்கங்கே வீட்டு முற்றங்களில் டார்ச் வெளிச்சம் ஆடிக்கொண்டிருந்தது.

"எங்க போறாங்க எல்லாரும்?" என்று ஃபிலோமினா கேட்டாள்.

"டிராக்டரைப் பாக்க. கியர்ல நிக்குதுல்ல, எல்லாருதும்" என்றேன்.

அவள் என்னையே பார்த்தாள். அவள் புருஷன் மானஸ் ஸ்காட்லாந்தில் சுரங்கப்பாதை தோண்டப் போயிருக்கிறான், ஈஸ்டருக்குத்தான் வருவான். அவர்கள் டிராக்டர் வீட்டு வாசலுக்கு நேர் மேலே நிற்கிறது. "பசங்க" என்றாள். "பசங்க ரெண்டும் தனியா இருக்கே. சாப்பிட்டு அது மேலதான் ஏறி ஆடும், நான் இங்க வந்தா..." கோப்பை உருண்டு டீ தரையெல்லாம் ஓடியது. கோட்டுகூட எடுக்கவில்லை. ஓடினாள்.

மஜெல்லா அந்தக் கோட்டை நாற்காலியிலிருந்து உருவிக்கொண்டு அவள் பின்னால் ஓடினாள். வாசலைத் தாண்டும்போதே கத்தினாள், மலை முழுக்கக் கேட்கிற மாதிரி.

"ஃபிலோமினா! கியரைத் தொடாத! எடுத்தா உருளும்! முதல்ல சக்கரத்துக்குக் கல்லு, அப்புறம்தான் கியர்! நில்லு, நான் வரேன்!"

நான் வாசலில் நின்று பார்த்தேன். பனியில் இரண்டு பேரும் மேட்டுப் பாதையில் ஒருத்தி பின்னால் ஒருத்தியாக ஏறினார்கள். மேலே பிள்ளைகள் சிரிக்கிற சத்தம் கேட்டது. பிறகு மஜெல்லாவின் குரல், "இறங்குங்கடா! அதைத் தொடாம இறங்குங்க!" என்று. அதற்கப்புறம் சக்கரத்தடியில் கல்லை இடித்துச் செருகுகிற சத்தம். நான் உள்ளே போய் யூனன் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர்கள் திரும்பி வந்தபோது ஆளுக்கொரு பையனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள், ஃபிலோமினா மஜெல்லாவை என் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்துவிட்டுத் தான் தரையில் உட்கார்ந்தாள். பிறகு ஆம்பிளைகளும் வந்தார்கள், ஜெபமாலை தொடங்கினோம்.